இரட்டைக் கொம்பு

உலு பாண்டான் டிப்போவில் விடிகாலைச் சிரிப்பு
எனக்கு மட்டும் அரை நொடி தாமதமாக வரும்,
கதவு மூடிய பஸ்ஸின் விலாவை
உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஓடுகிறவனைப் போல.

'இந்த வண்டிக்கு ஒரு பிரேக் வேண்டும்,
எனக்கும் ஒன்று' என்றான் வெங் கியோங்,
அச்சுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி.
ரோஸ்லான் சிரித்தார்.
ஜெரிகோ ஸ்பேனரை நழுவவிட்டான்.
நான் ஸ்டோருக்குப் போய்
பிரேக் ஷூ இரண்டு செட் எடுத்துவந்தேன்.

அதற்கு இன்னும் அதிகம் சிரித்தார்கள்.

இரவு விடுதியில், மேல்கட்டிலில்,
நோட்டைப் பிரித்து எழுதிப் பார்த்தேன்.
பிரேக் என்றால் வண்டி நிற்பது.
பிரேக் என்றால் ஆள் நிற்பது.
அவர்களுக்குக் காதில் ஒன்று, தாளில் இரண்டு.
எனக்குத் தாளிலும் ஒன்றுதான்.
முதல் நாளிலிருந்தே இரண்டையும் ஒட்டவைத்து எழுதிவிட்டு
ஒட்டியிருப்பதைக் கண்டு சிரிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பள்ளியில் சிலேடைக்கு ஐந்து மார்க்.
இரு பொருளையும் பிரித்துக் கோடிட்டால் போதும்.
சிரிக்கச் சொல்லி
யாரும் கேட்டதில்லை.

பிறகு சொற்களைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது,
டயரைத் தட்டுவது மாதிரி, உள்ளே என்ன ஒலிக்கிறது என்று.
டயர்ட்.
எக்ஸாஸ்ட்.
உதிரிபாகங்களும் களைத்துப்போய்க் கிடக்கும் இடம் இது!
கிளினிக்கில் அந்தப் பெண் 'பில்?' என்று கேட்டபோது
மாத்திரையா, ரசீதா தெரியாமல்
இரண்டையும் நீட்டினேன்.
நம்முடைய 'ப' அப்படி,
ஆளுக்கு ஏற்ப உதட்டை மாற்றிக்கொள்ளும்.

குழந்தைவேல் என்பது அவர்கள் வாய்க்கு நீளம்.
குழந்தையை இறக்கிவிட்டு
வேலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.
என்னைக் காணும்போதெல்லாம் ஜெரிகோ கட்டைவிரல் உயர்த்துவான்:
'ஆல் இஸ் வேல்!'
எட்டு மாதம் ஆனது எனக்கு.
ஒற்றைக் கொம்பு போட்டால் நலம்,
இரட்டைக் கொம்பு போட்டால் நான்.
அதே ஒற்றைக் கொம்பைத் தமிழாகப் படித்தால்
ஜெயித்துவிடு என்று ஒரு கட்டளை.
அது அவனுக்குத் தெரியாது.
சொல்லவில்லை, வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை, நாலு இருபது, மழை.
ரேடியேட்டர் கொதித்துச் சீறிக்கொண்டிருந்தது.
ரோஸ்லான் மூடியைத் திருகக் கை நீட்ட,
பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.
'ஆறட்டும்! ஆறு, ஆறு' என்றேன்,
பாதி அவரிடம், பாதி இன்ஜினிடம்.
புரோட்டாக் கடையில் பத்துவரை எண்ணப் பழகியவர் அவர்.
கையை இழுத்துக்கொண்டார்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
'ஆறு மணி வரைக்குமா?
முதல் பஸ் அஞ்சரைக்கு, லா!'

நான் சிரித்தேன்.
முதலில்.
தனியாக.
மூன்று முகங்கள் என் வாயைப் பார்த்தன,
அவர்கள் வாயை நான் பார்த்துவந்த அதே பார்வை.

விரல் விட்டுச் சொன்னேன்.
ஆறு, இந்த எண்.
ஆறு, கிளார்க் கீயில் படகு ஓடுகிற தண்ணீர்.
ஆறு, சூடே, நீ தணி.
சொல்லச் சொல்ல, கப்பில் இருந்த தே ஓ
ஏடு கட்டிக்கொண்டிருந்தது.
ரோஸ்லான் மரியாதைக்குத் தலையாட்டினார்.
ஜெரிகோ ஆற்றிலேயே நின்றுவிட்டான்.

சரி, போகட்டும் என்று கையைத் துடைத்தேன்.

அப்போது வண்டிக்கு அடியிலிருந்து
ஒரு செருமல்.
பிறகு மூக்கால் ஒரு காற்று.
பிறகு வெங் கியோங்கின் பூட்ஸ் இரண்டும் குலுங்கத் தொடங்கின,
அரை நொடி அல்ல, முழுதாக ஒரு நிமிடம் கழித்து.

ஓடி வரட்டும்.
கதவை நான் இன்னும் மூடவில்லை.