மேசைமேல் ஒன்பது பேர்

பாலஸ்டியர் சாலை பிராட்டாக் கடை.
இரவு பதினொன்றேகால்.
நாளைக் காலை ஒன்பதரைக்கு இறுதியாட்டம்.
மேசையில் அணி இறங்கிவிட்டது.

முன்வரிசையில் மிளகாய் சாஸ் போத்தல்,
சீனி டப்பா, பல்குச்சி டப்பா.
நடுவில் இரண்டு கரண்டி.
பின்னால் மூன்று மீன்குழம்புக் கிண்ணம்,
இடப்பக்கத்தது பாதி காலி.
கோல் காப்பது என் தே ஓ பெங்.

"பொருத்தம்தான்," என்றார் குணாளன்.
"அவளுக்கும் வேர்த்துக்கொண்டே இருக்கும்."

குணாளன் வாழ்நாளில் பந்து உதைத்தவரில்லை.
அவர் மகள்தான் சீனி டப்பா.
மூன்று வருடமாக ஓர் ஆட்டம் விடாமல்
குடையும் பார்லித் தண்ணீருமாக
கோட்டோரம் நிற்கிறார்.
முதல் வருடம் இதை ரக்பி என்றார்.
இப்போது ரக்பி என்பவரோடு சண்டைக்குப் போகிறார்.
கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று,
கீழே வலையில் விழுந்தால் மூன்று.
இதென்ன தலைகீழ்க் கணக்கு என்று
புளோக்கில் யாராவது கேட்டால்
"அயர்லாந்துக் கணக்கு" என்பார்,
ஏதோ சம்பந்தி வீட்டு வழக்கம்போல.

ஓயிஷீன் கெர்ரியிலிருந்து வந்தவர்.
உயரப் பந்துதான் அவருக்கு வேதம்.
"கோலிலிருந்து நீளமாய் உதை. வானத்துக்கு உதை.
இறங்கும்போது யார் கை மேலே இருக்கிறதோ
பந்து அவளுக்கு."
போத்தலைத் தூக்கிக் காட்டியதில்
என் சட்டையில் சாஸ்.

"ஹனோய்க்காரி ஆறடி," என்றாள் பெக் ஹூன்.
"வானம் அவளுக்குப் பக்கத்து வீடு.
கிட்டத்தில் உதை. இடப்பக்கம் கொடு.
கை மாற்றிக் கை மாற்றி
எம்ஆர்டி மாதிரி நிலையம் நிலையமாய்ப் போ."

"நீ ஊர் போய்ச் சேர்வதற்குள்
ஆட்டம் முடிந்துவிடும்."

ஸுல்கர்னைன் ஒன்றும் பேசவில்லை.
முழங்கையால் ஒரே தள்ளு.
கரண்டி, போத்தல், டப்பா எல்லாம்
என் தே ஓ முன்னால் குவிந்தன.
"எல்லாரும் பின்னால். யாரும் உள்ளே வர முடியாது."
"சரி, அடிப்பது யார்?"
"அது அப்புறம்."

"குவிந்தால் மட்டும் போதுமா?" குணாளனுக்குக் குரல் ஏறியது.
"போன வாரம் நின்றார்களே, நவக்கிரகம் மாதிரி!
ஒன்பது பேர். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை!"

இதை ஓயிஷீனுக்கு விளக்கி முடிக்க
இன்னும் இரண்டு முட்டை பிராட்டா தேவைப்பட்டது.
விளங்கியதும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.
"அப்படியானால் கோல் காப்பது எந்தக் கிரகம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"சனி," என்றார் குணாளன், யோசிக்காமல்.

உதைக்கப் போவது நான்.
நீளமா கிட்டத்திலா என்று
அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.
அந்தப் பாதிக் கிண்ணம் பிரமீளா.
செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து
கார் நிறுத்துமிடத்தில் காற்சட்டையை மடித்து
முட்டியைக் காட்டினாள்.
இட்லி போல உப்பியிருந்தது.
"சொல்லாதே. இன்னொரு இறுதி எனக்கு வராது."
அவளுக்கு முப்பத்தெட்டு.

பேச்சு உச்சத்தில் இருந்தபோது
விரல் நுனியால் அந்தக் கிண்ணத்தை
ஒரு சாண் என் பக்கம் இழுத்தேன்.

"ஏன்?" என்றாள் பெக் ஹூன்.
"சும்மா."

மறுபடி வானம், மறுபடி எம்ஆர்டி.
குணாளன் மட்டும் கிண்ணத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
பிறகு சீனி டப்பாவை,
கோலடிக்கும் தன் மகளை,
பேருந்தில் இடம் விடுபவர்போல
மெதுவாக நகர்த்தி
இடப்பக்க ஓட்டைக்கு முன்னால் வைத்தார்.
எதுவும் சொல்லவில்லை.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஈரத் துணியோடு கடைப்பையன் வந்தான்.
"தம்பி, ஒரு நிமிடம், கலைக்காதே!"
எழுந்து நின்று கைப்பேசியில்
அணியைப் படம் பிடித்தார்.

இன்று காலை ஆறு மணிக்கு அனுப்பியிருக்கிறார்.
எல்லாரும் அவரவர் இடத்தில் தெளிவாக இருக்கிறார்கள்.
கோலில் மட்டும் வெறும் ஐஸ்.
பேச்சு மும்முரத்தில் எப்போதோ
நான் என்னைக் குடித்திருக்கிறேன்.