வருகைப் பதிவு

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, மொத்தமே பதினான்கு பேர்.
இன்று முகூர்த்த நாள். வந்தது நால்வர்.
அதிலும் செல்வமீனாள் தாமதம்,
புதுவயல் மில் உமி தலைமுடியில்.

மதியம் பள்ளத்தூரில்
தாளாளர் வீட்டுக் கல்யாணம்.
ஆகஸ்டுச் சம்பளம் இன்னும் வரவில்லை,
கடன் வாங்கி மொய் எழுதினேன்.

இரண்டாம் கட்டில் மூன்றாவது பந்தி.
இலை போட்டவன் அழகுராசா.
தண்ணீர் வைத்தவன் ஜெகுபர்,
பனியன் முதுகில் கேட்டரிங்காரர் போன் நம்பர்.
ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மூன்று அரியர் வைத்திருக்கும் வயிரவன்
சோற்றில் நான் குழி செய்யும்வரை நின்று
ஒரு சொட்டுச் சிந்தாமல் ரசம் ஊற்றினான்.
“சார், சூடா இருக்கு.”

எண்ணினேன். ஒன்பது.
பத்தாவது ஆள் தூணுக்குப் பின்னால்,
ஷூ மட்டும் தெரிந்தது; வொர்க்‌ஷாப் ஷூ.

இலையை எடுக்கக் குனிந்தேன்.
“விடுங்க சார்,
அதுக்கும் சேர்த்துத்தான் ஐந்நூறு.”