பதினேழாம் அளவீடு

பெட்டியைக் கவிழ்த்தபின்
காற்று போகும் பக்கமாக
ஏழடி தள்ளி நிற்க வேண்டும்.
குனியக் கூடாது. பேசக் கூடாது.
நிலம் விடுவதும் நான் விடுவதும்
ஒரே வாயு;
கருவிக்கு ஆள் தெரியாது.

ஜூலை மாதம். லேனா நதிக்குக் கிழக்கே
லார்ச் மரங்கள் குடித்தவர்கள் போல
ஆளுக்கொரு திசையில் சாய்ந்த காடு.
கொசுவலைத் தொப்பிக்குள் முகம்.
முனைவர் பட்டத்தின் மூன்றாவது கோடை.
என் ஆய்வேடு இதுவரை சொல்வது ஒன்றே:
இந்த மண்
முப்பதாயிரம் வருடம்
மூச்சு விடாமல் இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை
கம்பளி யானைகள் மேய்ந்த புல்லை,
அந்தப் புல் ஒரு காலையில் வாங்கிய காற்றை.
பனி அதன் வாயை இறுகப் பொத்தியிருந்தது.
இப்போது கை தளர்கிறது.

ஆய்வகத்தில் நூற்றிருபது குப்பிகள்.
நான்கு டிகிரி குளிரில், இருட்டில்,
உறங்கி எழுந்த நுண்ணுயிர்கள்
இலை போட்டது நேற்றுதான் என்பதுபோல்
பழைய பந்தியில் உட்கார்ந்து தின்கின்றன.
வாரம் ஒருமுறை ஊசியால் குத்தி
அவற்றின் ஏப்பத்தை எடுக்கிறேன்.
வளைகோடு ஏறுகிறது. நெறியாளருக்கு மகிழ்ச்சி.
எனக்கும்தான், பொய் சொல்வானேன்?
நல்ல கோடு அது.

நான்காம் களம்
கியுன்னேய் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்.
அந்த வீட்டின் வடமூலை
போன வருடத்தைவிட ஒரு சாண் கீழே.
மேசைக் காலுக்கடியில்
கணவன் ஊலானின் டிராக்டர் கையேடு.
அப்படியும் கிண்ணத்தில் சூப்பு
ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கும்.
"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?" என்றாள்.
சதுர மீட்டருக்கு, நாளொன்றுக்கு, மில்லிகிராம்.
என் அட்டவணையில் சூப்புக்குக் கட்டம் இல்லை.

அன்று பதினேழாம் அளவீடு.
மூன்றாவது நிமிடம் ஓடிவந்தாள்.
நிலவறையில் தண்ணீர்,
குளிர்காலத்தில் இறக்கிவைத்த குதிரைக்கறி மிதக்கிறது,
வா, வா என்று.
கால் இடறிப் பெட்டியின் விளிம்பு
ஒரு விரல் தூக்கிக்கொள்ள,
அங்கேயே மண்டியிட்டு மூச்சிரைத்தாள்.

இருட்டாத அந்த இரவில்
மூவரும் வாளியால் இறைத்தோம்.
கறியைப் பலகையில் பரப்பி
துண்டு துண்டாய் மோந்து பார்த்தோம்.
பாதி நாய்களுக்கு.
ஊலானின் அப்பா அந்த அறையைத் தோண்டும்போது
கடப்பாரையில் தீப்பொறி பறந்ததாம்.
இன்று அதே சுவரில்
என் விரல் முழுதாக இறங்கியது.

திரையில்
பதினாறு புள்ளிகள் சாதுவாய்,
பதினேழாவது செங்குத்தாய்.
"நீக்கிவிடு," என்று நெறியாளர் பதில் போட்டார்.
சரிதான். அது மண்ணின் மூச்சில்லை.

களக்குறிப்பேட்டில் அழிப்பான் கூடாது.
இது இரண்டாவது விதி.
தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு,
கீழே இருப்பது படிக்கும்படி.
காரணத்தை ஓரத்தில் எழுத வேண்டும்.

கோடு போட்டேன்.
ஓரத்தில் எழுதினேன்:
பெட்டி திறந்தது.
கியுன்னேய் அருகில் இருந்தாள்.
ஓடி வந்திருந்தாள்.