பதினான்காம் கட்டம்

ஈரோடு பிரப் ரோட்டு மாடியில் என் தட்டச்சுக் கடை.
கீழே மஞ்சள் மூட்டை ஏறும், இறங்கும்.
இங்கிருந்து டாக்டருக்குப் போன விண்ணப்பம் ஒவ்வொன்றிலும்
ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்ந்தே போயிருக்கும்.

பழைய முதலாளியின் பீரோவில்
கரையான் மிச்சம் வைத்த கல்லூரிக் கையேடுகள்.
எந்த ஊர்க் கல்லூரி என்பதை அது தின்றுவிட்டது.
ஒன்றில், "லத்தீன் தெரிந்திருக்க வேண்டும்."
மூன்று வருடம் தள்ளி, "தெரிந்திருந்தால் நலம்."
அதற்கடுத்ததில் அந்த வரியே இல்லை.
வேண்டும் என்பது நலமாகி
நலமும் காணாமல் போவதற்குள்
யார் யார் லத்தீன் படித்து வைத்திருந்தார்களோ.

நான் வந்து உட்கார்ந்தபோது மதிப்பெண் போதும்.
பதினான்காம் கட்டம், 'பிறமொழி'.
இருபத்தாறு வருடம் அதில் சின்னக் கோடு ஒன்று போட்டேன்.
பார்க்காமலே போடுவேன்.

இந்த ஆனியில் பள்ளிபாளையத்துச் சென்னியப்பன் வந்தார்,
மகள் நிவேதிகாவோடு.
எட்டுத் தறியில் நாலு இப்போது
வேறொருவர் கொட்டகையில் ஓடுகிறது.
பிஷ்கெக் போகிறாள்.
கோடு போடப் போன என்னை நிறுத்தினாள்:
"அண்ணா, அதுல ரஷ்யன்னு போடுங்க.
ஆறு மாசமாப் படிக்கறனுங்க.
மூணாம் வருசம் வார்டுக்குப் போனா
நோயாளிக்கு இங்கிலீசு தெரியாதுங்களாம்."

"தெரியாதா?" என்றார் சென்னியப்பன்.
எல்.கே.ஜி.யிலிருந்து
இங்கிலீசுக்குத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

எங்கே, ஒன்று சொல்லு என்றேன்.
"க்தே பலீத்?"

புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது என்று
ஏழாம் வகுப்பில் எனக்கு அடி விழுந்திருக்கிறது.
இது தொடங்கிவிட்டது.
எங்கே வலிக்குது என்று அர்த்தமாம்.
அப்பனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.
"பலிக்குமுங்கறாளா? பலிக்கட்டும் சாமி."

அவள் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு
இன்னொரு தரம் கேட்டாள், மெதுவாக,
கட்டிலோரம் நின்று கேட்பவள்போல.
என்ன விளங்கியதோ,
நாடா அடித்து என்றோ முறிந்துபோன
இடது கட்டைவிரலை நீட்டினார்.
அவள் அதைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள்.

பதிமூன்றாம் கட்டம் தாய்மொழி;
அதற்குச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.
பதினான்கில் அடித்தேன்.
பழைய எந்திரம், ஆர் எழுத்து
வரிக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது.
மூன்று பிரதி, அறுபது ரூபாய்.
நூறாக நீட்டினார்,
இடது கை இன்னும் அவளிடம் இருந்தது.