வால் எண்

வேலந்தாவளத்தில் என் அறை.
கட்டில் கேரளத்தில், மேசை தமிழ்நாட்டில் என்று
செல்பேசி நினைத்துக்கொண்டிருக்கிறது.
நாலடி நகர்ந்தால்
'தங்களை அன்புடன் வரவேற்கிறோம்.'
தண்ணீர் குடிக்க எழுந்தால் இன்னொரு வரவேற்பு.
இருபத்தொரு வருஷமாக இதற்கு நடுவே உட்கார்ந்து
பணக்காரர்களின் விமானங்களைப் பற்றி எழுதுகிறேன்.

யார் படிக்கிறார்கள் என்பாள் ஜுலைகா.
காப்பீட்டுக்காரர்கள், வக்கீல்கள்,
வாங்கிவிட்டு விற்கத் தவிப்பவர்கள்.
எல்லோரையும் கூட்டி வந்தாலும்
முதல் பந்தி நிறையாது.

ஆடியில் கணவாய்க் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கும்.
எந்த விமானம் எத்தனை நாட் குறுக்குக் காற்றைத் தாங்கும்
எனக்கு மனப்பாடம்.
தகரத்தின் மேல் கல் வைக்க
பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டும்.

ஏறியது ஒரே ஒரு முறை.
கொச்சியில், ஓரமாக நிறுத்தியிருந்ததில்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
பள்ளிவாசல் படியில் விடுவதுபோல ஏணியடியில் விட்டேன்.
வெண்தோல் இருக்கை. கிண்ணத்தில் முந்திரி.
எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமலே
பேட்டி முடிந்துவிட்டது.

பொள்ளாச்சிச் சந்தையில் தரகர் சுழி பார்ப்பார்.
நான் வால் எண் பார்ப்பேன்.
'கே' என்று முடியும் ஒன்று:
நகைக்கடைக்காரரிடம் ஆறு வருஷம்,
சீட்டுக் கம்பெனிக்காரரிடம் ஒன்றரை.
அவர் உள்ளே போனதும் வங்கி பூட்டியது.
இரண்டு மழைக்காலம் நனைந்தபடி நின்றது.
காற்றழுத்தக் குழாயில் குளவி கட்டிய கூட்டை எடுக்க
இத்தனை ரூபாய் என்று ஏலக் குறிப்பில் தனியாக ஒரு வரி.
அதை எழுதினேன்.
என் கட்டுரைகளில் வாசகர் கடிதம் வந்தது
அந்தக் குளவிக்கு மட்டும்.

மூன்றாவது முதலாளி காலத்தில்
கேப்டன் தரியன் ராத்திரி பதினொன்றரைக்கு அழைத்தார்.
பணி நேரப் பதிவேட்டைப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.
பார்த்தேன்.
மூன்று இரவுகளின் ஓய்வு
ஒரே மையில், ஒரே சாய்வில்,
பேனாவை எடுக்காமல் எழுதியது.
யாரும் அப்படித் தூங்குவதில்லை.

பெயர் போடாமல் எழுதினேன்.
ஏழு மாதம் கழித்து இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையைத் திருத்தியது.
'விமானிக்கு இயன்றவரை ஓய்வு தரப்பட வேண்டும்'
என்றிருந்ததில்
'இயன்றவரை' போயிற்று.
இத்தனை வருஷத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்,
உலகத்திலிருந்து எடுத்தது
அந்த ஒரு சொல்.

தரியனுக்கு வேலை போயிற்று.
பதிவேட்டிலிருந்த கையெழுத்து அவருடையதுதான்.
அழைத்தபோது அவர் அதைச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது, கடிதம் இல்லாமல்.
ஜுலைகா வெட்டித் தருவாள்.
நான் உலர்ந்த திராட்சையைப் பொறுக்கிப் பொறுக்கி
தட்டோரம் வைத்துக்கொண்டிருப்பேன்.

நேற்று பத்தி அனுப்பிவிட்டு
சோதனைச்சாவடிப் பக்கம் டீக்குப் போனேன்.
சங்ககிரி லாரி ஒன்று நின்றிருந்தது.
என்ன எழுதுறீங்க என்றார் டிரைவர்.
வானத்தில் ஓட்டுறவங்க கட்டாயம் தூங்கணும்னு சட்டம் இருக்கு,
அதைப் பத்தி.
தூங்கறதுக்கா?
ஆமாம்.
தூங்கறதுக்குச் சட்டமா?

சிரிப்பு தாங்காமல் கேபின் கதவைத் தட்டினார்.
டேய் மாரப்பா, எந்திரி,
எந்திரிச்சு இவர் சொல்றதைக் கேளு.

மாரப்பன் எழுந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து
முழுக்கக் கேட்டான்.
அப்புறம் தூக்கம் வரவில்லை என்று
துண்டை உதறிக்கொண்டு டீக்கு இறங்கி வந்தான்.
பழக்க தோஷத்தில் மணி பார்த்துக் குறித்துக்கொண்டேன்:
இரண்டு நாற்பது.
பையில் செல்பேசி அதிர்ந்தது.
எந்தப் பக்கத்து வரவேற்பு என்று
எடுத்துப் பார்க்கவில்லை.