பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்

சம்பளச் சிட்டையில் சுற்றி
டிக்கோயாப் பக்கமிருந்து வந்தது போத்தல்.
லேபிளில் ஒரு பயில்வான் கையை மடக்கி நிற்கிறான்.
இரத்த விருத்திக்கு, நூறு வீதம் மூலிகை,
ஒரு கரண்டியில் அறுபது மில்லிகிராம் இரும்பு.

கூடவே தோட்டத்து மிட்வைஃப் தவமலரின் கடிதம்:
"சம்பளத்தன்று வேனில் வந்து விற்கிறார்கள்.
பதினொரு பேர் குடிக்கிறார்கள், நாலு பேர் பிள்ளைத்தாச்சிகள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.
வாயெல்லாம் சல்லியை நக்கின ருசி என்கிறார்கள்.
பார்த்துச் சொல்லவும்."
கட்டணம் உறைக்குள் இருந்தது,
இருபது ரூபாய்த் தாள்களும் குத்திக்காசுமாக.
காசாளர் இரண்டு தரம் எண்ணினார்.

பேராதனையில் மழை விடவில்லை.
அரை கிராம் நிறுக்கிறேன்.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினால்தான்
என் மூச்சு அதில் ஏறாது.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று என்று
கழித்துக் கழித்துத்தான் பேர் போட்டார்கள் அம்மாவுக்கு.
இங்கேயும் கழிப்போம்:
மாதிரி போடாத வெறும் அமிலத்தை
அதே சூட்டில் காய்ச்சி,
அதில் எவ்வளவு ஈயம் என்று பார்த்து
அதைக் கழிப்போம்.
கழித்ததை எழுதியும் வைப்போம்.

நைத்திரிக் அமிலம் பட்டதும்
மூலிகையெல்லாம் செம்பழுப்புப் புகையாய் எழுந்து
குழாய் வழியே போயிற்று.
வல்லாரை இருந்திருந்தால் வல்லாரையும் போயிருக்கும்.
போகாதது அடியில் நின்றது
வைக்கோல் நிறத் தண்ணீராக.
இனி அதைத்தான் கேட்கவேண்டும்.

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு விளக்கு.
ஈயத்தைத் தேட
ஈயத்தாலேயே செய்த விளக்கு.
பாம்பின் கால் பாம்பறியும் என்றேன்.
சிங்களத்தில் திருப்பிச் சொன்ன பிறகு
திலினி சிரித்தாள்.

ஆர்கன் சிலிண்டர் கடுகண்ணாவையில்
மண்சரிவுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாள் நின்றது.
பதினொரு பேர், காலையும் இரவும்:
நாற்பத்து நான்கு கரண்டி.

இரும்பு: அறுபது என்ற இடத்தில் மூன்று.
ஈயம்: அளவுகோட்டின் உச்சியைத் தாண்டிற்று.
பத்து மடங்கு நீர்த்தேன். தாண்டிற்று.
நூறு மடங்கில்தான்
கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.
ஆர்செனிக்: கண்டறியப்படவில்லை.
இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை,
என் கண் அதற்குக் கீழே எட்டாது, அவ்வளவுதான்.
பாதரசம்: சோதிக்கப்படவில்லை.
அந்த விளக்கு ஜனவரியில் அணைந்தது,
புதியதற்கு மூன்று விலைமனு கேட்டிருக்கிறார்கள்.

அறிக்கை போகப் பதினான்கு வேலைநாள்.
அடியில் எப்போதும் அச்சடித்த ஒரு வரி:
இம்முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.
சரிதான். வேனில் இருக்கும் அடுத்த போத்தலைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.

படிக்கட்டின் கீழ் நின்று
என் போனிலிருந்து எடுத்தேன்.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று தொடங்க,
"தம்பி, குடிக்கலாமா கூடாதா?" என்றார்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
கூடாது என்றேன்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
இங்கத்தையதா அங்கத்தையதா தெரியவில்லை.
"அப்ப பீலிக்கரையில் கொட்டிவிடச் சொல்லவா?"
ஐயோ, வேண்டாம், கொட்டவே வேண்டாம்,
அதே பீலியில்தானே குடம் பிடிக்கிறார்கள்.
பூட்டி வையுங்கள்.
எவ்வளவு காலத்துக்கு என்று அவர் கேட்கவில்லை.

மீதியை அலமாரியில் வைத்தேன்,
ஆறு மாதம் வைத்திருக்கவேண்டும்.
பயில்வானைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
குடுவைகளை அமிலத் தொட்டியில் அமிழ்த்தினேன்.
கண்ணாடியில் ஒட்டிய ஈயம்
விடியும்போது விட்டுப் போகும்.
கண்ணாடிக்கு ஓர் இரவு போதும்.