வாய் பேசாத பி

அரசரடியில் ஹையர் முடித்த விரல்கள் இவை.
முப்பது வருஷமாய்
ஜில்லா கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பாதி பெஞ்சில்
ஊரார் வழக்கை அடித்துக்கொண்டிருக்கின்றன.

டி, இ, பி, டி.
நாலும் இடது கை.
வலது கைக்கு அங்கே வேலையில்லை,
மேசை விளிம்பில் சும்மா கிடக்கும்.
கொடுக்கவும் வாங்கவும் ஆகாதென்று
நாம் ஒதுக்கிவைத்த கைதான்
அந்த வார்த்தையை முழுசாய் அடிக்கிறது.

முதல் வருஷம் பி-யை விட்டுவிடுவேன்.
காதில் விழாததை எதற்கு அடிப்பது?
வக்கீல் தார்சிஸ் மனுவைத் திருப்பி வீசினார்:
'ஒரு எழுத்து போனா ஒரு வாய்தா போச்சும்மா.'
அன்று மதியம் கரண்ட் இல்லை.
அட்டை போன அவருடைய டிக்‌ஷனரியை
வாசல் வெயிலில் வைத்துப் புரட்டினேன்.

பிரெஞ்சுக்காரன் வாயில்
பி எப்போதோ கரைந்துபோயிருந்தது.
அவனிடம் கைமாற்றாய் வாங்கியவனும்
அது இல்லாமலே நெடுநாள் எழுதினான்.
பிறகு லத்தீன் படித்தவர்கள் சிலர்
மூலப் பத்திரத்தைத் தூசி தட்டி
இங்கே ஒரு பி இருந்தது என்று
ஏட்டில் மட்டும் ஏற்றிவிட்டுப் போனார்கள்.
நாக்கு கையெழுத்துப் போடவில்லை.
நானூறு வருஷத்துக்கு மேலாய்
அசலும் இல்லை, வட்டியும் இல்லை.

அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
இன்னொருவரிடமிருந்து எடுத்து
நாம் வைத்திருப்பது.
அந்த வைத்திருப்பதில் மிஞ்சியதுதான்
இந்த ஒற்றை எழுத்து.

நம் கடன் அப்படியில்லை என்று
கொஞ்ச காலம் பெருமையாய் இருந்தேன்.
அழகர்கோயிலில் முடி இறக்கினால் நேர்த்திக்கடன்,
விடியலில் வாளியோடு போனால் காலைக்கடன்,
எழுதினபடி வாசிக்கலாம், ஒளிவு மறைவில்லை.
ஆனால் அவசரத்தில் ஒருமுறை சொல்லிப்பாருங்கள்.
கடைசி எழுத்தை
மூக்கு விழுங்கிவிடும்.

நேற்று வந்தவர் சோணைமுத்து.
ஆனையூர் - சிம்மக்கல் மினி பஸ் ஓனர்.
பஸ் இப்போது ஃபைனான்ஸ்காரன் ஷெட்டில்.
மஞ்சக் கடுதாசி கொடுக்க வந்திருந்தார்,
சட்டையை மட்டும் பளிச்சென்று இஸ்திரி போட்டு.
வக்கீல் சொல்லச் சொல்ல நான் அடிக்க
டெட், டெட் என்று காதில் விழுந்ததும்
எழுந்து நின்றுவிட்டார்.
'யாரும்மா செத்தது?'
யாரும் இல்லண்ணே, அது கடன்.
'ரெண்டுக்கும் ஒரே பேரா?'
பேர் ஒரே மாதிரி, எழுத்து வேற என்று
ஸ்கிரீனில் பி-யைத் தொட்டுக் காட்டினேன்.
மூக்கு இடிக்கக் குனிந்தார்.
'இது என்ன பண்ணுது?'
சும்மா இருக்கு.
'வாசிக்க மாட்டாகளா?'
மாட்டாங்க.
'எடுத்துட்டா?'
தப்பாயிரும்.

பட்டியலில் பதினொரு பேர்.
டயர் கடை, டீசல் பங்க்,
தண்டல் ரெண்டு, பாங்கி ஒண்ணு,
பெர்மிட் புரோக்கர், அப்புறம் சீட்டுக்காரர்கள்.
'வேற யாரும் உண்டா?' என்றார் வக்கீல்.
'கொழுந்தியா.
கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த ஆறு பவுனு.'
'நோட்டு எழுதிக் குடுத்தீங்களா?'
'அதுகிட்டப் போயி எப்படிங்க...'
'கேக்குதா அது?'
'இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல.'
'அப்ப விடுங்க' என்று வக்கீல்
டீக்கடைக்குப் போனார்.

சோணைமுத்து
கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று
தேடுகிற மாதிரி.

பதினொன்றுக்குக் கீழே
பன்னிரண்டு என்று போட்டேன்.
ஒரு புள்ளி.
பக்கத்தில் எதுவும் அடிக்கவில்லை.

டீ வாசத்தோடு திரும்பியவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
'இதென்னம்மா, வெறும் நம்பர்?'

ஸ்பெல்லிங் சார், என்றேன்.